முதல் வெல்டிங் எந்திரம்: பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்!

குடியாத்தம் என்றால் லுங்கி. பிறகு பீடி, தீப்பெட்டி. கொஞ்ச தூரம் போனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே எல்லாம் தோல்.

இத்தனை தொழிலுக்கும் முட்டுக் கொடுத்து நிற்பது இன்னொரு தொழில். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் வெல்டிங்!

தறியின் இரும்புக் கால் விட்டுப் போனால் வெல்டிங். தோலைக் காயப் போடும் சட்டம் உடைந்தால் வெல்டிங். ஜன்னல் கிரில், வாசல் கேட்டு, மாட்டுக் கொட்டகை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் வெல்டிங்தான்.

முன்பு இதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே இருந்த எந்திரத்தை நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். இப்போது ஐந்தாறு கிலோ எடையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. தோளில் மாட்டிக் கொண்டு நடக்கலாம். விலை ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்.

ஆகவே பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது.

"அம்மா, ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிக் குடும்மா. நம்ம வீட்டு கேட்டை நானே செஞ்சிடறேன்" என்கிறான் பையன். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து எண்ணிப் பார்க்கிறார்.

வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு கேட்டுக்காக என்றால் வேண்டாம். பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள், அவர் நன்றாகவே செய்து கொடுப்பார். தொழில் பழக வேண்டும், சொந்தக் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆண் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. பெண்களும் செய்கிற தொழில்தான் இது.

ஆனால் எதை வாங்குவது? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தில் பாதியை மட்டும் எந்திரத்துக்குக் கொடுங்கள். மறுபாதி கண்ணுக்கும், கைக்கும், வீட்டு ஒயருக்கும்!

"இது என்ன கணக்கு? நல்ல எந்திரமாக, பெரிதாக வாங்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அண்டா பெரிது, குழாய் சின்னது

கடையில் என்ன நடக்கிறது? பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றில் 160 என்று போட்டிருக்கும். இன்னொன்றில் 200. அடுத்ததில் 250. கொட்டை எழுத்தில் இருக்கும்.

"தம்பி, 250 ஆம்ப்ஸ் எடுத்துக்க. கொஞ்சம்தான் விலை கூட. நாளைக்கு உதவும்" என்பார் கடைக்காரர்.

பையனும் 250-ஐத் தூக்கிக் கொண்டு வந்துவிடுவான்.

இப்போது வீட்டுக்குள் வந்து பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் வைத்திருக்கும் பெரிய பிளக், 16 ஆம்ப்ஸ் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

வீட்டு வேலைக்குத் தேவைப்படுவது 2.5 மில்லிமீட்டர் ராடு. கடையில் இதை 12 கேஜ் என்பார்கள். அதற்கு 70, 80 ஆம்ப்ஸ் போதும். ராடு முனையில் 80 ஆம்ப்ஸ் வர வேண்டுமானால், எந்திரம் நம் பிளக்கிலிருந்து 13, 14 ஆம்ப்ஸ் இழுக்கும். (முனையில் வோல்ட் குறைவு, அதனால் ஆம்ப்ஸ் கூடுதல். பிளக்கில் வோல்ட் கூடுதல், அதனால் ஆம்ப்ஸ் குறைவு.) பெரிய பிளக் இதைத் தாங்கிவிடும்.

அடுத்தது 3.15 மில்லிமீட்டர் ராடு. இது 10 கேஜ். இதற்கு 110 ஆம்ப்ஸ் வைத்தால், பிளக்கிலிருந்து சுமார் 20 ஆம்ப்ஸ் போகும். இங்கேயே எல்லை தாண்டிவிட்டது!

நிஜமாகவே 200 ஆம்ப்ஸில் வெல்டிங் அடித்தால்? சுமார் 40 ஆம்ப்ஸ் இழுக்கும். எந்த வீட்டுப் பிளக் அவ்வளவு கொடுக்கும்?

தெருக் குழாயில் வருகிற தண்ணீர் வருகிறதுதான். கீழே அண்டாவைப் பெரிதாக வைத்தால் தண்ணீர் கூடுமா?

அப்படியானால் அந்த 250 எதற்கு? பெட்டிக்கு அழகு, அவ்வளவுதான். சில எந்திரங்களில் அந்த எண்ணே உண்மையாக இருப்பதில்லை என்பது பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உண்மை எங்கே இருக்கிறது? எந்திரத்தின் முதுகில்! அங்கே ஒரு தகடோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். அதில் எத்தனை ஆம்ப்ஸுக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 120 ஆம்ப்ஸுக்கு 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் தொடர்ந்து அடிக்கலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். இதை 40 டிகிரி வெப்பத்தில் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது உலக விதி. வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலுக்கு அந்த 40 டிகிரியே போதாது என்பது வேறு விஷயம்!

தகடே இல்லாத எந்திரமா? கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

160 என்று போட்டு, 100 ஆம்ப்ஸில் சளைக்காமல் வேலை செய்யும் எந்திரம் ஒன்று போதும். ஸ்கொயர் பைப், ஆங்கிள், கிரில் கம்பி எல்லாம் அதில் முடியும். சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். வேலூரிலாவது இருக்க வேண்டும். பலகை போனால் சென்னைக்குப் பார்சல் அனுப்ப வேண்டும் என்றால், ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் லாபம் இல்லை. மாலையில் விளக்கு மங்கும் தெருவா உங்களுடையது? குறைந்த வோல்ட்டிலும் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சின்னப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் எந்திரம் என்று பெயர். மின்வெட்டு வந்தால் விளக்கு எரிக்கிறதே, அந்த இன்வெர்ட்டர் வேறு. இது வேறு. அந்த பாட்டரியில் இதை மாட்டிவிடாதீர்கள்!

பழைய எந்திரம் மலிவாக வருகிறதே?

பட்டறையை மூடுகிறவர்கள் பழைய டிரான்ஸ்பார்மர் எந்திரத்தை விற்பார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் ஓடிய எந்திரங்கள் உண்டு. பழுதானால் உள்ளூரிலேயே காயில் சுற்றித் தருவார்கள். இந்தப் புதுப் பெட்டிகளுக்கு அந்த ஆயுள் வருமா என்பது சந்தேகமே.

ஆனால் அவற்றில் பல, இரண்டு பேஸ் மின்சாரத்தில் ஓடுகிறவை. வீட்டில் அது கிடையாது. ஒரு பேஸில் ஓடுவதை வாங்கினாலும் போட்டவுடன் தெரு விளக்கு கண் சிமிட்டும். அடுத்த வீட்டு அக்கா, "எங்க டி.வி. போச்சு" என்று வந்து நிற்பார். பட்டறைக்கு அது ராஜா. வீட்டுக்கு ஆகாது.

கம்பி ரோல் போட்டு அடிக்கும் எந்திரங்களும் இப்போது மலிவாக வருகின்றன. அது அப்புறம். முதலில் ராடு. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ராடு பழகிய கைக்கு மற்றது எளிதில் வரும்.

கண் ஒரு முறைதான்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெயிலில் நின்றால் தோல் கறுக்கிறதே, அதே கதிர்தான். ஆனால் பல மடங்கு பக்கத்தில், பல மடங்கு உக்கிரமாக அடிக்கிறது.

இதில் ஒரு சூது உண்டு. பார்க்கும்போது வலிக்காது! மாலையில் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பான். நடு இரவில் எழுந்து உட்காருவான். கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல் இருக்கும். தண்ணீராக ஊற்றும். விளக்கைப் பார்க்க முடியாது.

வீட்டில் என்ன செய்கிறார்கள்? உருளைக் கிழங்கை வெட்டி வைக்கிறார்கள். தாய்ப்பாலை விடுகிறார்கள். மருந்துக் கடையில் ஏதோ மரத்துப் போகும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். இது மூன்றும் கூடாது! மரத்துப் போகும் மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழிக்கே கேடு. கண் டாக்டரிடம் போங்கள். வேலூரில் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் இது வாராவாரம் நடந்தால் கண் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பட்டறைகளில் கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி பார்த்திருப்பீர்கள். விலை குறைவு. கண்ணாடி நல்லதாக, 10 அல்லது 11 என்ற எண் உள்ளதாக இருந்தால் அது காப்பாற்றும். தவறு கண்ணாடியில் இல்லை. புதிதாகப் பழகுகிறவனுக்கு அதன் வழியே ஒன்றும் தெரியாது. ராடு எங்கே தொடுகிறது என்று பார்க்க, அரை வினாடி கண்ணாடியை விலக்குவான். அந்த அரை வினாடி ஐம்பது முறை சேர்ந்தால் இரவில் மணல்!

இதற்குத்தான் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வந்திருக்கிறது. தலையில் மாட்டிக் கொள்ளலாம். இரண்டு கையும் காலி. சாதாரண நேரத்தில் எல்லாம் தெரியும். தீப்பொறி எழுந்த கணத்தில் தானே கறுத்துவிடும். நல்ல தயாரிப்பாக இருந்தால், கறுக்காத போதும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். 'ஈ.என். 379' என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை ஆகும். முதல் செலவு இதற்குத்தான். எந்திரத்துக்கு அப்புறம்தான்!

திருச்சியில் பெல் தொழிற்சாலை 1965 முதல் கொதிகலன் செய்கிறது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975-ல் அங்கே ஒரு நிலையம் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கைதேர்ந்த வெல்டர் கூட வெறும் கண்ணோடு நிற்க மாட்டார். நம் தெருவில் மட்டும், "எனக்குப் பழக்கம்ணே!" என்று கூலிங் கிளாஸ் போட்டுக் கொண்டு அடிக்கிறார்கள். என்ன பழக்கம் இது? கண்ணுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது.

தோல் ஊரில் வெறும் கையா?

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். வெல்டருக்கு வேண்டிய கையுறை எதனால் செய்வது? தோலால்!

மாட்டுத் தோல் தடிமனானது. டேனரியில் அதை இரண்டாகப் பிளப்பார்கள். வழவழப்பான மேல் பாதி ஷூவுக்கும் பைக்கும் போகும். சொரசொரப்பான கீழ்ப் பாதிதான் வெல்டிங் கையுறைக்கும் ஏப்ரனுக்கும் ஏற்றது. அதிலும் குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோலை விட அது சூட்டைத் தாங்கும், சீக்கிரம் சுருங்காது.

பாலாற்றங்கரை முழுக்கத் தோல். உலகம் முழுவதும் இங்கிருந்து தோல் சரக்கு போகிறது. அதே ஊரில் ஒரு பிள்ளை வெறும் கையோடு வெல்டிங் அடிக்கிறான்! இதை எங்கே போய்ச் சொல்வது?

பிளாஸ்டிக் பூச்சு உள்ள துணிக் கையுறை வேண்டாம். அது உருகிக் கையில் ஒட்டும். நைலான் சட்டையும் அப்படித்தான். பருத்திச் சட்டை, முழுக்கை, கழுத்துப் பொத்தான் போட்டது. முழுக்கால் பேண்ட். மூடிய ஷூ.

லுங்கி? குடியாத்தம் லுங்கிக்குப் பேர் போன ஊர். நானும் வீட்டில் அதைத்தான் கட்டுகிறேன். ஆனால் வெல்டிங் அடிக்கும்போது வேண்டவே வேண்டாம்! மடித்துக் கட்டிய மடிப்புக்குள் ஒரு பொறி விழுந்தால் தெரியும் சேதி.

தறி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பஞ்சுத் தூசி மூலை முடுக்கெல்லாம் படிந்திருக்கும். பொறி பல அடி தூரம் பறக்கும். வெளியில் வைத்து அடியுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒயர், எர்த்து, டிரம்

எந்திரத்துக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். அதற்கென்று ஒரு எம்.சி.பி. எர்த்து சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மிக்சி ஓட்டும் சின்னப் பிளக்கில், கல்யாண வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை நீட்டி வேலை செய்யக் கூடாது. ஒயர் சூடேறும். சுவருக்குள் சூடேறினால் யாருக்குத் தெரியும்?

ராடு பிடிக்கும் முனையில் வேலை நடக்காத போது 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். உலர்ந்த கைக்கு ஒன்றும் தெரியாது. வியர்வையில் நனைந்த உடம்போடு ஈரத் தரையில் உட்கார்ந்தால் அதுவே ஆளை அடிக்கும். கட்டையோ ரப்பர் மேட்டோ போட்டுக் கொள்ளுங்கள்.

கரண்ட் பில்லுக்குப் பயம் வேண்டாம். ஒரு மணி நேரம் விடாமல் அடித்தாலும் இரண்டு, இரண்டரை யூனிட்தான். யாரும் விடாமல் அடிப்பதில்லை. ஆனால் கூலிக்கு வேலை எடுத்தால் வீட்டு இணைப்பு ஆகாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பை மாற்றிக் கொள்ள வேண்டும்.

தோல் ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டேனரியில் மருந்து வந்த காலி டிரம் மலிவாகக் கிடைக்கும். அதை அறுத்துத் தொட்டி செய்யலாம், அடுப்பு செய்யலாம் என்று ஆசை வரும். தொடாதீர்கள்! காலி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உள்ளே ஆவி இருக்கும். நெருப்புப் பட்டால் குண்டு போல் வெடிக்கும். பைக் பெட்ரோல் டேங்கும் அப்படியே.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகப் புகை. அதை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும். ஒரு டம்ளர் பால் குடித்தால் போய்விடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது! பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் வெல்டிங் புகை முழுவதையுமே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. முகத்தைப் புகைக்கு மேல் நீட்டாமல் பக்கவாட்டில் இருந்து வேலை செய்வது நல்லது.

என் கணக்கு

கையில் 12 ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எந்திரத்துக்கு 6 ஆயிரம். ஹெல்மெட் 1,300. கையுறை, ஏப்ரன், ஷூ எல்லாம் சேர்த்து 1,700. தனி லைனுக்கு 1,800. சுத்தியல், கம்பி பிரஷ், ராடு பாக்கெட் வகைக்கு 700. மீதி 500-க்குக் காயலான் கடையில் துண்டு இரும்பு. கடைக்குக் கடை விலை மாறும். விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

"ஹெல்மெட்டை அப்புறம் வாங்கிக்கலாம்" என்று பையன் சொன்னால், "அப்போ மெஷினையும் அப்புறம் வாங்கிக்கலாம்டா" என்று அம்மா சொல்லட்டும்.

கடையிலேயே எந்திரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 12 கேஜ் ராடு பத்து, தொடர்ந்து எரிக்கச் சொல்லுங்கள். எந்திரம் நின்றுபோகிறதா, கேபிள் கையில் சுடுகிறதா என்று பாருங்கள். மலிவு எந்திரத்தோடு வரும் கேபிள் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். பல நேரம் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. பின்னால் நல்ல செம்புக் கேபிளாக மாற்றிக் கொள்ளலாம்.

ராடு வாங்கும்போது 6013 என்று கேளுங்கள். புதுக் கைக்கு அதுதான் இணங்கி வரும். பாக்கெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். ராடின் மேல் ஏன் அந்த மண் போன்ற பூச்சு தெரியுமா? அந்தக் காலத்தில் வெறும் கம்பியால்தான் ஒட்டினார்கள். காற்றுப் பட்டு ஒட்டு உடைந்துவிடும். சுவீடன் நாட்டில் கப்பல் கொதிகலன் பழுது பார்த்து வந்த ஆஸ்கர் ஷெல்பெரி என்பவர், கம்பிக்குப் பூச்சு போட்டுப் பார்த்தார். 1904-ல் அதற்காகக் கம்பெனியே தொடங்கினார். பூச்சு எரிந்து வரும் புகை, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் மூடிக் கொள்கிறது. அதனால் மழைக் காலத்தில் ராடு ஈரமாகக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.

எடுத்தவுடன் கேட்டு செய்யக் கிளம்ப வேண்டாம். துண்டு இரும்பில் நூறு ராடு எரியுங்கள். ஒட்டியதைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். உடைந்தால் திரும்ப ஒட்டுங்கள். முறையாகப் பழக வேண்டுமானால் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும்.

அடுத்த வீட்டையும் நினைத்துக் கொள்ளுங்கள். வெல்டிங் வெளிச்சத்தைக் கண்டால் தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் ஹெல்மெட் இல்லை. பழைய தகரம் ஒன்றை மறைப்பாக நிறுத்தி வைத்துக் கொண்டு, பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுங்கள்.